அம்மா தூங்க ஒரு டோர் ஸ்டாப்பர்

முதலில் அம்மா தலையணையை மட்டும்தான் எடுத்துக்கொண்டு போனாள். மருத்துவமனையில் இரவு வேலை முடிந்து வந்தவள், ஷூவைக்கூடக் கழற்றாமல் படுக்கையறைக்குள் போய், தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"இம்கே சித்தி வீட்டுல போய்த் தூங்கிட்டு வரேன். மூணு மணிக்கு மேல வருவேன். உங்கப்பா கேட்டா சொல்லிடு."

அப்பா பக்கத்திலேயே, சமையலறை ஜன்னலின் கைப்பிடியில் கை வைத்தபடி நின்றிருந்தார்.

"நான் இங்கதான் இருக்கேன், உல்ரிக்கே."

"தெரியும். அதனாலதான் போறேன்."

எங்கள் வீட்டில் நடந்ததை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். ஒரு கதவுக்காகவா என்று கேட்கிறார்கள். ஆமாம், ஒரு கதவுக்காகத்தான். ஆனால் எனக்குப் பள்ளி முடிந்துவிட்டது. செப்டம்பரில் வடகடல் தீவு ஒன்றில் பறவைகளை எண்ணும் வேலைக்கு ஒரு வருடம் போகிறேன். நான் கிளம்பும்போது அம்மாவும் அப்பாவும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும், திரும்பி வரும்போதும் அப்படியே இருக்க வேண்டும். அதனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் அப்பா ஹென்னிங் ஒரு லிஃப்ட் பரிசோதகர். எங்கள் கடலோர ரோஸ்டோக் நகரத்தில் கடையோ மருத்துவமனையோ அலுவலகமோ, லிஃப்ட் என்று ஒன்று இருந்தால் என்றாவது ஒருநாள் அப்பா அதற்குள் நின்றிருப்பார். கயிற்றைப் பார்ப்பார், பிரேக்கைப் பார்ப்பார். கதவு மூடும் இடத்தில் ஓர் அளவுக் கருவியை வைத்து, அது எவ்வளவு விசையோடு அழுத்துகிறது என்று பார்ப்பார். கூடினால் சீல் வைத்துவிட்டு வருவார். நாங்கள் குடியிருப்பதோ லிஃப்டே இல்லாத கான்கிரீட் கட்டடத்தின் நான்காவது மாடியில். யாராவது கிண்டல் செய்தால், "இல்லாத லிஃப்ட் ரிப்பேர் ஆகாது" என்பார். அவருடைய ஜோக்குகள் எல்லாம் இந்த அளவுதான்.

நல்ல மனிதர். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அம்மா இரவு வேலைக்குக் கிளம்பும்போது ரொட்டிக்கு வெண்ணெய் தடவி, வெள்ளரிக்காயைத் தனியாகச் சுற்றி வைப்பவர். சேர்த்து வைத்தால் ரொட்டி நமத்துவிடுமாம். ஆனால் ஒரு விஷயத்தைப் பிடித்தால் விட மாட்டார். அவர் பிடித்துக்கொண்ட விஷயம், வீட்டுக்குள் காற்று மாற்றுவது.

நான் சிறுமியாக இருந்தபோது படுக்கையறை அலமாரிக்குப் பின்னால் கரும்பூஞ்சை பிடித்தது. வீட்டை வாடகைக்கு விட்ட குடியிருப்புச் சங்கத்திலிருந்து வந்த இளைஞன் சுவரை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "நீங்க ஜன்னலைச் சரியாத் திறக்கறதில்ல போல" என்றான். அப்பாவை யாராவது திருடன் என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அன்றிலிருந்து தினமும் கிழக்கே சமையலறை ஜன்னல், மேற்கே ஹாலின் பால்கனிக் கதவு, இரண்டையும் ஒரே நேரத்தில் விரியத் திறப்பார். கடல் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வெளியேறும். வெளியேறும் வழியில் ஹால் கதவையும் சமையலறைக் கதவையும் அடித்துவிட்டுப் போகும்.

டமார்! டமார்!

கான்கிரீட் கட்டடம் என்பதால் சத்தம் சுவர் வழியாகவே நடந்து போய்விடும். கட்டிலில் படுத்திருப்பவருக்குத் தலைக்குள் அடித்தது போல இருக்கும். மற்ற நாட்களில் பகலில் அப்பா வேலைக்குப் போய்விடுவதால், வீடு அம்மாவின் தூக்கத்துக்கு என்றே இருக்கும். இந்த ஜூலையில் அப்பாவுக்கு லீவு கிடைத்தது, அம்மாவுக்குக் கிடைக்கவில்லை. லீவு அப்பாவுக்கு, தண்டனை அம்மாவுக்கு.

நான் பேசிப் பார்க்காமல் இல்லை.

"அம்மா எழுந்ததுக்கு அப்புறம் திறந்தா என்னப்பா?"

"மூணு மணிக்கு வெளில கொதிக்கும். சூட்டைக் கூப்பிட்டு உள்ள உக்கார வைக்கவா? வெயில் காலத்துல காலையிலதான் காத்து மாத்தணும். இது சின்னக் கொழந்தைக்குக்கூடத் தெரியும்."

"அப்ப ஒரு பக்கம் மட்டும் திறங்க."

"அது காத்து மாத்தறது இல்ல. காத்துக்கு வேடிக்கை காட்டறது."

"சரி, கதவுக்குக் கீழ ஒரு செருப்பையாவது வைங்க."

அப்பா என்னை வருத்தத்தோடு பார்த்தார். "செருப்பு ஒரு தீர்வு இல்ல, வீப்கே. ஒழுங்கா ஒரு டோர் ஸ்டாப்பர் வாங்கி மாட்டிடறேன். ஒரே தடவை. அப்புறம் வாழ்நாள் பூரா பிரச்சினை இல்ல."

ஸ்டாப்பர் வாங்க வேண்டுமென்றால் முதலில் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமாம். ஹால் கதவுக்குப் பின்னால் சுவரில், கைப்பிடி இடித்த மாதிரி ஒரு குழி இருந்தது. அப்பா முழங்காலிட்டு அதை டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இதோ. காத்து கதவைத் தூக்கிச் சுவத்துல அடிக்குது. அது எகிறித் திரும்பி வந்து மூடிக்குது."

"சத்தம் கேட்டு வந்து பாக்கறப்ப எல்லாம் கதவு மூடித்தானே இருக்கு? மூடறப்பதான் சத்தம் வருது."

"அது விளைவும்மா. நான் காரணத்தைச் சொல்றேன். சுவத்துல தடயம் இருக்கு பாரு. மூடறதுக்குத் தடயம் எங்க?"

அந்தக் குழி எங்கள் சோபாவை உள்ளே கொண்டுவந்த அன்று விழுந்தது என்பது அம்மாவுக்குத் தெரியும். ஆனால் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். அதாவது, தூங்க முயன்றுகொண்டிருந்தாள். அப்பா வேலைப் பையிலிருந்து அளவுக் கருவியை எடுத்துவந்து, குழி இருந்த இடத்தில் பிடித்துக்கொண்டு, கதவைக் காற்று அடிப்பது போலவே வேகமாக இழுத்து அதன் மேல் அடித்தார். ஒரு தடவை அடித்தால் கணக்கு சரியாக வராதாம். மறுபடி அடித்தார். மறுபடியும்.

படுக்கையறைக் கதவு திறந்தது. அம்மா தூங்கக் கட்டியிருந்த கண் பட்டையை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு நின்றாள்.

"எவ்வளவு வருது?"

"இருநூறு நியூட்டனைத் தாண்டுது!" அப்பாவின் குரலில் உண்மையான கவலை. "லிஃப்டா இருந்தா நூத்தம்பதுக்கே சீல் வச்சிருப்பேன்."

"அப்ப வீட்டுக்கு வை."

மறுநாள் காலைதான் தலையணை போனது.

அப்பா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்டாப்பர் மாட்டியதும் அம்மா வந்துவிடுவாள், இடையில் நாலு நாள் தங்கை வீட்டில் தூங்கினால் என்ன என்று நினைத்தார். நாங்கள் ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய கட்டுமானப் பொருள் கடைக்குப் போனோம். அங்கே ஒரு சுவர் முழுக்க ஸ்டாப்பர். ரப்பர் ஆப்பு, சுவரில் ஒட்டுவது, சுவரில் திருகுவது, தரையில் திருகுவது, காந்தம் வைத்தது, மணல் அடைத்த துணி பொம்மை. நான் ரப்பர் ஆப்பைக் கையில் எடுத்தேன்.

"இது போதும்ப்பா. கிளம்பலாம்."

"ஆப்பு ஒவ்வொரு தடவையும் மனுஷன் குனிஞ்சு வைக்கணும். மனுஷன் மறப்பான்."

"அப்ப இந்த நாய்?"

அப்பா அந்த மணல் பொம்மையைத் தூக்கி, திருப்பி, அடியில் பார்த்தார். "இது நாய் மாதிரி இருக்கு."

"நாய்தான்."

"கதவுக்கு எதுக்கு நாய்?"

கடைக்காரப் பெண் எங்களை நோக்கி வந்ததுதான் அவள் செய்த தப்பு. அப்பா அவளிடம் ரப்பரின் கடினம் எவ்வளவு, எத்தனை வருடத்தில் வெடிப்பு விடும், எத்தனை அடி தாங்கும் என்று கேட்டார். அவள் பெட்டியின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் பார்த்துவிட்டு, "சார், இது டோர் ஸ்டாப்பர்" என்றாள்.

"தெரியும்மா. அதான் கேக்கறேன்."

முடிவெடுக்க முடியாமல் ஒவ்வொரு வகையிலும் ஒன்று வாங்கிவந்தோம், நாயைத் தவிர. அவை எங்கள் சாப்பாட்டு மேசையில் குடியேறின. அப்பா காலையில் ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார், மாலையில் இன்னொன்றை. நாங்கள் ராத்திரி ரொட்டியையும் ஹெரிங் மீனையும் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டோம். அம்மா மூன்று மணிக்கு மேல் வருவாள், காப்பி குடிப்பாள், மேசையைப் பார்ப்பாள். வேலைக்குக் கிளம்பும்போது அவள் பையில் ஏதாவது ஒன்று புதிதாகப் போகும். ஒருநாள் அலாரம் கடிகாரம். ஒருநாள் அவளுடைய தேயிலை டப்பா. அப்புறம் வீட்டுச் செருப்பு. அதை யாரும் ஒருநாள் தூக்கத்துக்காக எடுத்துப்போவதில்லை.

"அப்பா, இன்னைக்கு ஏதாவது ஒண்ணை மாட்டுங்க. எதையாவது."

"எதையாவது மாட்டறவங்களாலதான் எனக்கு வேலையே இருக்கு," என்றார்.

கடைசியில், தரையில் திருகும் வகையைத் தேர்ந்தெடுத்தார். எஃகுத் தண்டு, அதன் தலையில் கறுப்பு ரப்பர் வளையம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மாட்ட கான்கிரீட்டில் துளை போட வேண்டும். அங்கேதான் வீட்டு விதி வந்து நின்றது. எங்கள் கட்டடத்தில் காலை எட்டிலிருந்து மதியம் ஒன்று வரைக்கும் துளை போடலாம். ஒன்றிலிருந்து மூன்று ஓய்வு நேரம், அப்போது பந்துகூடத் தட்டக் கூடாது. மூன்றுக்கு மேல் போடலாம் என்றாலும், கீழ்வீட்டுக்காரர் பிளாத்துக்கு அது பிடிக்காது. பிளாத்துக்குப் பிடிக்காததை எங்கள் மாடிப்படியில் யாரும் செய்வதில்லை. அதாவது, எங்கள் கட்டடம் துளை போட அனுமதிக்கும் நேரமும் அம்மா தூங்கும் நேரமும் ஒன்றேதான்.

"நல்லவேளை, உல்ரிக்கே இம்கே வீட்டுல தூங்கறா," என்று அப்பா சொன்னபோது எனக்கு ஓவென்று கத்த வேண்டும் போல இருந்தது.

அன்று காலை நான் ரொட்டி வாங்கப் போனேன். அப்பா துளை போடும் மெஷினை எடுக்க அடித்தளச் சாமான் அறைக்குப் போனார். அந்த இடைவெளியில் அம்மா வீட்டுக்கு வந்தாள். இம்கே சித்தி வீட்டு சோபா முதுகை வாட்டி எடுத்ததாம், ஒரே ஒருநாள் சொந்தக் கட்டிலில் படுக்கலாம் என்று தோன்றியதாம். ஷூவை வெளியே பாயில் கழற்றி வைத்துவிட்டு, பூனை மாதிரி உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். அப்பா மேலே ஏறிவந்தார். அந்த ஷூவைத் தாண்டித்தான் உள்ளே போனார். கையில் மெஷின் இருந்ததால் கீழே பார்க்கவில்லையாம்.

நான் திரும்பி வரும்போது தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. மெஷினின் முனை கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியில் போய் முட்டியிருந்தது. கட்டடமே பல்வலியில் கத்துவது போல இருந்தது. சத்தத்தை நிறுத்தச் சொல்லி பிளாத் தன் வீட்டு ஹீட்டர் குழாயில் எதையோ வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். அனுமதிக்கப்பட்ட நேரம்தான், ஆனாலும் தட்டினார். இரண்டாவது மாடிப் படியில் எனக்கு எதிரே ஒரு போர்வை இறங்கிவந்தது. அதன் பின்னால் அம்மா.

எங்கள் ஊரில் ஒரு கட்டிலில் இரண்டு பேர் படுத்தாலும் ஆளுக்கொரு போர்வை. அம்மா தன் போர்வையைச் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா..."

"பேசாத வீப்கே. இப்ப நான் வாயைத் திறந்தா அசிங்கமா ஏதாவது சொல்லிடுவேன்."

மேலே போனேன். அப்பா காதுகளில் மஞ்சள் அடைப்பான்களோடு தரையில் குப்புறக் கிடந்து தூசியை ஊதிக்கொண்டிருந்தார். அம்மா வந்ததும் அவருக்குத் தெரியாது, போனதும் தெரியாது. நான் அடைப்பானைப் பிடுங்கிவிட்டுச் சொன்னேன். அவர் எழுந்து படுக்கையறை வாசலில் போய் நின்றார். கட்டிலில் அவருடைய போர்வை மட்டும் ஒரு பக்கமாகக் கிடந்தது. வெகுநேரம் அதைப் பார்த்தார்.

"சீக்கிரம் முடிச்சிடணும்," என்றார்.

முடித்தார். கம்பியைத் தவிர்த்துப் பக்கத்தில் இன்னொரு துளை, அதற்குள் பிளாஸ்டிக் பிளக், அதன் மேல் ஸ்டாப்பர். நேராக நிற்கிறதா என்று மட்டம் வைத்தும் பார்த்தார். பிறகு சமையலறை ஜன்னலைத் திறந்தார், பால்கனியைத் திறந்தார், ஹாலுக்கு நடுவில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நானும் நின்றேன். காற்று வந்தது. கதவு ஸ்டாப்பரின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக எதிர்ப்பக்கம் போய் நிலையில் மோதியது.

டமார்!

அப்பா ஸ்டாப்பரைப் பார்த்தார், கதவைப் பார்த்தார்.

"சுவத்துல மோதவே இல்லியே," என்றார் மெதுவாக.

"இல்லப்பா! மோதல! எப்பவுமே மோதல! மூடிக்குது! நான் சொன்னேன், மூடறப்பதான் சத்தம்னு சொன்னேன்! அம்மா போர்வையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா, நீங்க தப்பான பக்கத்துல ஸ்டாப்பர் வச்சிருக்கீங்க!"

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. "அப்ப காந்தம் வச்சதுதான் வேணும்," என்றார். "வாங்கினது சின்னது, இந்தக் காத்துக்குத் தாங்காது. பெருசு வாங்கிட்டு வரேன்." கார் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு இம்கே சித்தி வீட்டுக்குப் போனேன். அம்மா சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். கண்கள் சிவந்திருந்தன. தூக்கம் போய்விட்டால் அவளுக்குத் திரும்ப வராது. சித்தி ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதையும் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது.

"எங்க கட்டடத்துல கீழ ஒரு ஒத்த ரூம் வீடு காலியாகுது. உங்கம்மாவுக்குக் கேட்டு வச்சிருக்கேன்."

நான் அம்மாவைப் பார்த்தேன்.

"தூங்கறதுக்கு மட்டும்தான்," என்றாள் அம்மா.

"தூங்கறதுக்கு மட்டும்னு யாராவது தனி வீடு எடுப்பாங்களா?"

"எடுப்பாங்க. இருபது வருஷமா ராத்திரி வேலை பாத்துட்டு, லிஃப்ட் பாக்கறவனைக் கட்டிக்கிட்டவங்க எடுப்பாங்க."

"முதல்ல தூக்கம், அப்புறம் காப்பி, அப்புறம் ஞாயித்துக்கிழமைன்னு எல்லாம் அங்கேயே ஆயிடும். நான் தீவுல இருந்து வரப்ப எந்த வீட்டுக் கதவைத் தட்டறதுன்னு எழுதி அனுப்புவியா?"

"குரலை உசத்தாத. உங்கப்பா மேல எனக்குக் கோபமே இல்ல. வெள்ளரிக்காயைத் தனியாச் சுத்தி வைக்கற ஆள் மேல எப்படிக் கோபப்பட முடியும்? எனக்கு அந்தக் கதவைத்தான் பிடிக்கல."

"அப்ப கதவைப் போகச் சொல்லு! நீ எதுக்குப் போற?"

கோபத்தில்தான் சொன்னேன். எந்த யோசனையும் அதில் இல்லை. ஆனால் அம்மா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். சித்தி கத்தியை நிறுத்தினாள்.

"இம்கே," என்றாள் அம்மா, "என் போர்வையை எடு."

எங்கள் ஊர் வீடுகளில் அறைக் கதவைக் கழற்றத் திருப்புளிகூட வேண்டாம். கீலில் சும்மா உட்கார்ந்திருக்கும். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேலே தூக்கினால் வந்துவிடும். வீடு மாறும்போதும் பெயின்ட் அடிக்கும்போதும் எல்லாரும் செய்வதுதான். எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் அது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அப்பாவுக்குத் தோன்றாததில் ஆச்சரியம் இல்லை. கதவில்லாத லிஃப்டைப் பார்த்தால் அவர் கட்டடத்தையே காலி செய்யச் சொல்வார்.

வீட்டுக்கு வந்ததும் நானும் அம்மாவும் ஹால் கதவை முதலில் தூக்கினோம். உள்ளே வெறும் அட்டைதான் போலிருக்கிறது, அவ்வளவு லேசு. இந்த லேசான சனியனா இவ்வளவு பாடு படுத்தியது என்று எனக்கு ஆத்திரம் வந்தது. நான்கு மாடி இறக்கினோம். பிளாத் தன் வாசலைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"வீடு மாத்தறீங்களா?"

"கதவை மட்டும் மாத்தறோம், பிளாத்," என்றாள் அம்மா.

"இது ஓய்வு நேரமாச்சே."

"கதவும் ஓய்வுக்குத்தான் போகுது."

சமையலறைக் கதவும் அதன் பின்னாலேயே அடித்தளத்துக்குப் போனது. இரண்டையும் எங்கள் பழைய சைக்கிள்களுக்குப் பின்னால் சாத்தி வைத்தோம். அப்பா கடையிலிருந்து வந்தபோது நாங்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். அவர் ஹால் வாசலில் நின்று, வெறும் நிலையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"கதவு எங்க?"

"கீழ," என்றாள் அம்மா.

"சமையல் வாசனை எல்லாம் ஹாலுக்கு வருமே."

"வரட்டும்."

"குளிர்காலத்துல சூடு தங்காதே."

"குளிர்காலத்துல உனக்கு லீவு இல்ல, ஹென்னிங். அப்ப மாட்டிக்கலாம்."

அப்பா இன்னொரு காரணத்தைத் தேடினார். அது முகத்தில் தெரிந்தது. பையிலிருந்த காந்த ஸ்டாப்பரை எடுத்து, சுற்றிலும் பார்த்து, வைக்க இடமில்லாமல் மறுபடி பைக்குள் போட்டார். பிறகு படுக்கையறைப் பக்கம் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். கட்டிலில் இரண்டு போர்வைகளும் இருந்தன. திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"காப்பி இருக்கா?" என்றார்.

"அந்தத் தரையில இருக்கறதைக் கழட்டிடு," என்றாள் அம்மா.

"கழட்டினா ஓட்டை தெரியும். வாடகை வீடு. ரெண்டு ஓட்டை."

மறுநாள் காலை அம்மா வேலையிலிருந்து வந்து, படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, எங்கள் வீட்டுக் கட்டிலில், தன் போர்வைக்குள் படுத்தாள். அப்பா கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு சமையலறை ஜன்னலைத் திறந்தார், பால்கனியைத் திறந்தார். காற்று முழு வீட்டையும் கடந்து போனது. மேசையிலிருந்த செய்தித்தாள் பறந்தது. வேறு எந்தச் சத்தமும் இல்லை. அப்பா அந்தத் தாளைப் பிடிக்க, வெறுங்காலோடு ஹாலுக்குள் வேகமாக வந்தார். கதவில்லாத வாசலில், மட்டம் பார்த்து நட்ட அந்த எஃகுத் தண்டில் அவருடைய சுண்டுவிரல் போய் இடித்தது.

வாய் முழுதாகத் திறந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் சத்தம் வரவில்லை. கையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, ஒற்றைக் காலில் ஆடி, சுவரைப் பிடித்தபடி மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்தார். படுக்கையறைப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

அம்மா புரண்டுகூடப் படுக்கவில்லை.